ஆறு அமாவாசைக் கெடு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

என் நைனா. தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான். அவருக்கு வலது பக்கம். கரைக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர். மெட்ராஸிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார். சட்டையைக் கழற்றவில்லை.

எங்கள் பெண். ஒரு வயது. தூளியில் தூங்கினாள்.

எதிர்வீட்டு அக்கா. நூல் சுற்றின தார் இரண்டு கேட்டு வந்தவள். லெட்டரைப் பார்த்ததும் போகவில்லை.

தபால்காரர். லெட்டரைக் கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றார். அவருக்கு அந்த ஸ்டாம்பு வேண்டும்.

ஆறு பேர்.

"ஸ்டாம்பு கிழியாம பிரிங்க சார். என் பையன் சேர்த்துக்கினு இருக்கான்," என்றார் தபால்காரர். அவரே கவரைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். "பதிமூணாம் தேதி போட்டிருக்காங்க. இன்னிக்கி இருபது. ஜெர்மனிலருந்து ஏழே நாளு. எங்கள கொற சொல்றீங்களே, பாருங்க."

என் வீட்டுக்காரர் ஸ்டாம்பை விட்டு ஓரமாகக் கவரைப் பிரித்தார்.

லெட்டர் ஜெர்மன் பாஷையில் இருந்தது. ஒரு வரி படிப்பார். நிறுத்துவார். தமிழில் சொல்வார். நைனா நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

யுனிவர்சிட்டியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். சாயம் பற்றின படிப்பு. நான்கு வருடம். ஆனால் இரண்டு காகிதம் அனுப்ப வேண்டும். ஒன்று, அந்தப் பாஷையில் பரீட்சை எழுதித் தேறின காகிதம். இன்னொன்று, முதல் வருடம் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் இங்கிருந்து யார் பொறுப்பு என்ற காகிதம். லெட்டர் தேதியிலிருந்து ஆறு மாதம் கெடு. தவறினால் இடம் வேறு ஒருவருக்குப் போகும். மறுபடி கேட்க முடியாது.

"லெட்டர்ல என்னா தேதி?" என்று கேட்டேன்.

"அதே பதிமூணு."

"மாசி அமாவாசை," என்றேன்.

தறி நின்ற நாள். அதனால் ஞாபகம் இருந்தது.

எங்களுக்கு அமாவாசைக்குத் தறி கிடையாது. தறிமேல் துணி போட்டு மூடி, விளக்கேற்றி, எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். மற்ற நாளெல்லாம் ஒன்று. அது மட்டும் வேறு. எனவே கூலி, சீட்டு, பால்காரி கணக்கு எல்லாம் அமாவாசைக்கு அமாவாசை. எனக்கு மாதம் என்றால் அதுதான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். சுவரில் காலண்டர் தொங்கியது. அது அவருக்கு.

அன்று சாயந்திரம் ஒரு வெள்ளைப் பட்டு நூலை எடுத்துத் தறிக் கம்பத்தில் கட்டினேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு முடிச்சு. ஆறு முடிச்சு விழுந்தால் கெடு முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது.

ஏன் ஜெர்மனி என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

அவர் பி.எஸ்ஸி. முடித்தவர். மெட்ராஸில் ஒரு மில்லில் சாயம் சோதிக்கும் அறையில் கண்ணாடிக் குப்பி கழுவும் வேலை. கழுவுவதற்கு எதற்கு பி.எஸ்ஸி. என்று அவரே சொல்வார். பட்டுக்கு ஏறும் சாயம் தண்ணீர் பட்டதும் ஏன் இறங்குகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை. அதைத் தவிர வேறு ஆசை எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

முதலில் லண்டன் பார்த்தார். படிப்புக்குக் கேட்ட பணத்தைச் சொன்னார். வீட்டை விற்றாலும் ஒரு வருடம்தான். அமெரிக்கா அதற்கு மேல். பிறகு மில்லில் மிஷின் பொருத்த வந்த ஜெர்மன்காரர் ஒருவர் சொன்னாராம், எங்கள் ஊரில் படிப்புக்குப் பணம் வாங்குவதில்லை என்று.

இதை நைனா மூன்று முறை கேட்டார்.

"சும்மாவா சொல்லித் தர்றாங்க?"

"சும்மாதான் மாமா."

"வெளியூர்க்காரனுக்குமா?"

"ஆமா மாமா."

"அப்ப எதுவோ இருக்குது," என்றார் நைனா. நாடாவைத் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, "சோறாவது காசுக்குத்தான?" என்று கேட்டார். காசுக்குத்தான் என்றதும் திருப்தி ஆனார்.

என் வீட்டுக்காரர் திட்டம் எழுதினது கரை டிசைன் போடும் கட்டத்தாளில். வீட்டில் வேறு பெரிய தாள் இல்லை. மேலே வருடம், கீழே செலவு. ஒரு கட்டத்துக்குப் பத்து ரூபாய். அறை வாடகைக்குச் சிவப்புப் பென்சில். சாப்பாட்டுக்குப் பச்சை. புத்தகத்துக்கு நீலம். படிப்புக் கட்டணம் என்று எழுதின வரிசையில் எல்லாக் கட்டமும் வெள்ளை. முதல் வருடம் முழுக்க இங்கிருந்து போகும் பணம். இரண்டாம் வருடத்திலிருந்து லீவு நாளில் அங்கே ஃபாக்டரி வேலை. அதற்குக் கறுப்பு.

நைனா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா பார்டர் பா இது? யானையும் இல்ல, அன்னமும் இல்ல."

"ஜெர்மன் பார்டர் மாமா."

"நெய்ய ஆள் கெடைக்குமா?"

"நீங்களும் உங்க பொண்ணும்தான்."

நைனா சிரிக்கவில்லை. தாளை மடித்துக் கொடுத்தார். "நாலு வருசம். அதுக்கு மேல ஒரு நாளு ஆச்சுன்னா நானே கப்பல் ஏறி வந்து இஸ்துக்கினு வருவேன்," என்றார். அதுதான் அவர் சம்மதம்.

எங்கே குறைக்கலாம் என்று நாங்கள் இருவரும் பார்த்தோம். விமானம் வேண்டாம், கப்பல். கம்பளிக் கோட்டு புதிதாக வேண்டாம். மெட்ராஸில் பழைய துணி விற்கிற இடத்தில் ஒன்று வாங்கி வந்தார். அதில் பூச்சி உருண்டை வாசனை வந்தது. வெயிலில் மூன்று நாள் போட்டேன். சித்திரை வெயிலில் கொடியில் கம்பளிக் கோட்டு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அங்கே ஓட்டலில் சாப்பிட்டால் பச்சைக் கட்டம் போதாது. சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அடுப்பில் உட்கார வைத்தேன். மாதம் இரண்டு முறை வருவார். முதல் முறை சோறு குழைந்தது. இரண்டாம் முறை அடிப்பிடித்தது. நைனா இரண்டையும் சாப்பிட்டார்.

"மாப்ள, அங்க யாராச்சும் விருந்துக்குக் கூப்ட்டா போயிடு," என்றார்.

குழம்பு நான்காவது முறை வந்தது. அதிலிருந்து எனக்குக் கவலை இல்லை.

பாஷைக்கு மெட்ராஸில் சாயந்திர வகுப்பு. இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருந்தார். ஊருக்கு வந்தால் குழந்தையிடம் அந்தப் பாஷையில் பேசிப் பழகுவார். குழந்தை அவர் வாயையே பார்க்கும்.

"கொழந்த பயப்படுது பா," என்பார் நைனா.

வைகாசி முடிவதற்குள் பரீட்சை தேறிவிட்டார். ஒரு காகிதம் ஆயிற்று.

இரண்டாவது காகிதம் என் தலையில் வந்தது.

வீடு என் பெயரில். அம்மா போன பிறகு நைனா எழுதி வைத்தார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர்தான் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தார். ஆகவே பொறுப்புக் காகிதத்தில் என் கையெழுத்து. அதற்கு ஆதாரமாக, வீடு இருக்கிறது, இரண்டு தறி ஓடுகிறது, இவ்வளவு பெறும் என்று சர்க்கார் ஆபீஸில் சர்டிபிகேட் வாங்க வேண்டும். மனுவை அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். அவருக்கு மில்லில் லீவு கிடையாது.

எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"ஏம்மே, வீட்டோட மாப்பிளன்னு வந்தாரு. இப்ப வீட்டையே கப்பல்ல ஏத்திக்கினு போறாரா?"

"வீடு இங்கதான் இருக்கும்கா."

"அவரு?"

"வருவாரு."

"வெள்ளக்காரிய இஸ்துக்கினு வருவாரு, நீ பாரு."

"வந்தா தார் சுத்தட்டும். ஆள் இல்ல," என்றேன்.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. நான் ஆபீஸுக்கு நடந்த நாளெல்லாம் குழந்தையை வைத்துக்கொண்டது அவள்தான்.

வைகாசியில் பெருமாள் கருட சேவை. சின்ன காஞ்சிபுரத்தில் நடக்க இடம் இல்லை. ஆபீஸில் பாதிப் பேர் வரவில்லை. அந்த அமாவாசைக்கு மூன்றாவது முடிச்சுப் போட்டேன்.

ஆனி அமாவாசை. நைனா குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். தறிகள் இரண்டும் மூடிக் கிடந்தன. நான் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். கையில் ஃபைல். ஓட்டர் லிஸ்டு ஆள் என்று நினைத்தேன்.

"தறி எத்தனை?"

"ரெண்டு."

"ஓடுதா?"

"இன்னிக்கி இல்ல."

எட்டிப் பார்த்தார். எழுதினார். போய்விட்டார்.

குழந்தை எண்ணெய்க் கையோடு என் முடியைப் பிடித்து இழுத்தது. அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நான்காவது முடிச்சுப் போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன்.

ஆடி அமாவாசையும் போயிற்று. ஐந்து முடிச்சு. சர்டிபிகேட் வரவில்லை. மறுநாள் ஆபீஸுக்கு நடந்தேன். குமாஸ்தா ஃபைலைத் தேடி எடுத்தார்.

"திரும்பிடுச்சேமா. தறி ஓடல, தொழில் நடக்கலன்னு எழுதியிருக்காரே."

"யாரு?"

"இன்ஸ்பெக்டர். வூட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்காரு. ஆனி மாசம்."

அப்போதுதான் தெரிந்தது. சைக்கிள். ஃபைல். இன்னிக்கி இல்ல.

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பட்டு நூலைத் தொடுகிறவர்களுக்குக் கை வேர்க்கக் கூடாது. புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"அவர பாக்கணும்," என்றேன்.

"இப்ப பாக்க முடியாதுமா."

"நிக்கிறேன்."

நின்றேன். பத்து மணிக்கு நின்றது, ஒன்றரைக்கு வந்தார். தெற்கத்திக்காரர். புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று குமாஸ்தா சொன்னார். நான் சொன்னேன்.

"நீங்க வந்தது அமாவாசைங்க. அமாவாசைக்குத் தறி நெய்ய மாட்டோம். இந்த ஊர்ல யாரும் நெய்ய மாட்டாங்க."

"ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலிங்க."

குமாஸ்தா சிரிப்பை அடக்கினார். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"எங்க ஊர்ல அமாவாசைன்னா காக்காய்க்குச் சோறு வைப்போம். தறிக்கு லீவு விடுறத இங்கதான் பார்க்கேன். சரி, மறுபடி வந்து பார்த்து எழுதுதேன். ஆவணியில வாரேன்."

"அடுத்த அமாவாசைக்குள்ள காகிதம் வேணுங்க. அதோட கெடு முடியுது."

"எதுக்கு?"

சொன்னேன். யுனிவர்சிட்டி, சாயம், ஆறு மாதம். நான் அவ்வளவு பேசினது அந்த வருடத்தில் அதுதான் முதல் முறை.

"வீட்டுக்காரர் படிக்கப் போறாரா? நீ அனுப்புதியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

அவர் ஃபைலைத் தன் மேஜைக்கு எடுத்துப் போனார்.

ஆவணி பிறந்தது. ஒவ்வொரு நாளும் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் நாடாவை வேகமாகத் தள்ளுவேன். நைனா திட்டுவார்.

"இன்னா அவசரம்? கரை கோணிக்கினு போவுது பாரு."

கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டு ஆள் ஒரே தாளத்தில் தள்ளினால்தான் இரண்டும் சேரும். நான் மூன்று இடத்தில் பிரித்துப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் அந்த மாதம் ஒரு முறைதான் வந்தார். நான் இன்ஸ்பெக்டர் விஷயம் சொன்னேன். என் மேல்தான் தப்பு என்றும் சொன்னேன். அவர், "விடு. இன்னும் டைம் இருக்குது," என்றார். கவரில் விலாசம் எழுதினார். ஃபாரம் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டு, பரீட்சைக் காகிதத்தோடு டிரங்குப் பெட்டியில் வைத்தார். "சர்டிபிகேட் வந்தா நான் லீவு போட்டுக்கினு வந்து அனுப்பறேன்," என்று சொல்லிப் போனார்.

எனக்கு எங்கே டைம் இருக்கிறது என்று தெரியவில்லை. முடிச்சுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. படித்தவர் சொல்கிறார் என்று விட்டேன். மனசு விடவில்லை.

இன்ஸ்பெக்டர் அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் வந்தார். தெருமுனையிலிருந்தே தறிச் சத்தம் கேட்டிருக்கும். உள்ளே வந்து பார்த்தார். நைனா எழுந்திருக்கவில்லை. தறியில் இருக்கும்போது அவர் யாருக்கும் எழுந்திருக்க மாட்டார்.

"ஓடுதா?" என்று கேட்டார் என்னிடம்.

"இன்னிக்கும் ஓடுது, நாளைக்கும் ஓடும், நாளை மறுநாளும் ஓடும். அப்பால அமாவாசை. அன்னிக்கி ஒரு நாளுதான் ஓடாது," என்றேன்.

"இப்ப சொல்லத் தெரியுதே," என்றார். மோர் குடித்தார். எழுதினார். அமாவாசை அன்று ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஆவணி அமாவாசை. தறி இல்லை. பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய பெரியவர் மூன்று மணிக்கு வந்தார். மூன்றரைக்குக் காகிதம் என் கையில். மை காயவில்லை. ஊதிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஆறாவது முடிச்சு அன்றைக்கு. கடைசி நாள். அவருக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. டிரங்கைத் திறந்தேன். எல்லாக் காகிதத்தையும் கவரில் வைத்தேன். கஞ்சிப் பசையால் ஒட்டினேன். தபாலாபீஸுக்கு ஓடினேன். ஓடினது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நம் தபால்காரர் உள்ளே பை கட்டிக்கொண்டிருந்தார்.

"ரிஜிஸ்டர் பண்ணுமா. கூடவே அக்னாலெட்ஜ்மெண்ட் அட்டையும் வெச்சிடு. அவங்க கையெழுத்துப் போட்டு அட்டை திரும்பி வரும்," என்றார். அவரே ஒட்டிக் கொடுத்தார்.

"இன்னிக்கே போயிடுமா?"

"இன்னிக்கிப் பையில போவுது. போய்ச் சேர ஏழு நாளு ஆவும். வந்ததும் ஏழு நாளுதான? ஞாபகம் இல்ல?"

ஞாபகம் வந்தது. அன்றைக்கு எல்லோரும் கேட்டோம். எல்லோரும் மறந்தோம்.

ஏழு நாள் லேட்டு. அப்படித்தான் நினைத்தேன். கவர் பைக்குள் போய்விட்டது. பிடுங்கிக்கொண்டு வந்தும் பிரயோஜனம் இல்லை.

வீட்டுக்கு வந்து முடிச்சைப் போட்டேன். சோறு வடித்தேன். "போட்டியா?" என்றார் நைனா. "போட்டேன்," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. ஆறு நாள் தறியில் உட்கார்ந்தேன். ஒரு மனுஷன் ஐந்து வருடம் குப்பி கழுவிக்கொண்டு நினைத்த நினைப்பை, நான் ஒரு வார்த்தை பேசாததால் கெடுத்துவிட்டேன் என்று நாடாவைத் தள்ளத் தள்ளத் தோன்றியது. கரை மட்டும் கோணாமல் வந்தது.

ஆறாம் நாள் காலை ரயிலில் அவர் வந்தார். நேராக டிரங்கைத் திறந்தார்.

"கவர் எங்க?"

"போட்டுட்டேன்."

"சர்டிபிகேட்?"

"வெச்சுதான் போட்டேன். அமாவாசைக்கு. ஆனா லேட்டு."

"இன்னா லேட்டு?"

"அன்னிக்கே கடைசி நாளு. போய்ச் சேர ஏழு நாளு ஆவுமாம். போச்சுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "கடைசி நாளு நாளைக்கு," என்றார். "நாளைக்குத்தான் பதிமூணாம் தேதி."

கம்பத்தைக் காட்டினேன். "ஆறு முடிச்சு ஆயிடுச்சே."

அவர் முடிச்சைத் தொட்டு எண்ணினார். சுவரில் காலண்டரைப் பார்த்தார். தாளைப் புரட்டினார். "உன் மாசம் சின்ன மாசம். அமாவாசைக்கு அமாவாசை இருவத்தொம்பது, முப்பது நாளுதான். ஆறு மாசத்துல ஏழு நாளு முன்ன முடிஞ்சிருக்குது," என்றார். சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

"போய்ச் சேர ஏழு நாளா?" என்று கேட்டார்.

"தபால்காரர் சொன்னாரு."

சட்டைப் பையிலிருந்து பழைய லெட்டரை எடுத்தார். ஆறு மாதமாக மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. விரலை வைத்துப் படித்தார். கெடுவுக்குள் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இன்னிக்கிப் போடலாம்னு வந்தேன்," என்றார். "கெடுவுக்குள்ள போட்டா போதும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் விரலில் எண்ணினேன். அவரும் எண்ணினார். ஆறாம் தேதி போட்டது. ஏழு நாள். நாளைக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

தறிக்குழியிலிருந்து நைனா சொன்னார். "மாப்ள, நீ ஜெர்மன் படிச்ச. என் பொண்ணு அமாவாசை படிச்சிருக்கா."

அப்போதுதான் அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது. மீதிப் பாதி அந்த அட்டை வரும் வரைக்கும்.

வழியில் ஒரு நாள் தாமதம் ஆனாலும் இடம் போய்விடும். அவர் மெட்ராஸுக்குத் திரும்பினார். நான் தபால்காரரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அவர் தெருவில் வரும்போதே தலையை ஆட்டிவிடுவார், இல்லை என்று. புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அன்று தலையை ஆட்டவில்லை. தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார். கையில் சிவப்பு அட்டை.

"வந்துடுச்சுமா! முத்திரைய பாரு!"

எனக்கு எண் மட்டும் படிக்கத் தெரியும். போதும். பன்னிரண்டு என்று இருந்தது. அடியில் யாரோ ஒருவர் கையெழுத்து. கொக்கி மாதிரி. ஆணா பெண்ணா தெரியாது. அந்தக் கையெழுத்தை நான் வெகுநேரம் பார்த்தேன்.

பன்னிரண்டு. ஒரு நாள் மிச்சம்.

தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தேன். காலை உள்ளே தொங்கப் போட்டேன். நைனா என் முகத்தைப் பார்த்துவிட்டு நாடாவைக் கீழே வைத்தார். அமாவாசை இல்லாத நாளில் அவர் பகலில் நாடாவைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எதிர்வீட்டு அக்கா வந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? இதுக்கா ஒரு மாசமா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்த?" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே தார் சுற்ற ஆரம்பித்தாள்.

புரட்டாசிக் கடைசியில் அவர் புறப்பட்டார். பம்பாய் வரை ரயில், அப்புறம் கப்பல். பெட்டியில் கோட்டு, இரண்டு சட்டை, மிளகாய்ப் பொடி, சின்னக் குக்கர் மாதிரி ஒரு பாத்திரம், கட்டத்தாள். ஸ்டேஷனில், "சோறு அடி பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, எறக்கிடுங்க," என்றேன். சரி என்றார்.

ஆறு முடிச்சு நூலை அவிழ்க்கவில்லை. சுருட்டி டிரங்கில் வைத்தேன். கம்பத்தில் புது நூல் கட்டினேன்.

பணம் முதல் வருடம் போயிற்று. இரண்டாம் வருடத்திலிருந்து வேண்டாம் என்று எழுதினார். லீவில் கண்ணாடி ஃபாக்டரியில் வேலை கிடைத்ததாம். கறுப்புக் கட்டம் திட்டத்தில் போட்டதைவிட இரண்டு அதிகம். லெட்டர்களை எனக்கு அக்கா மகள் படித்துச் சொன்னாள். ஸ்டாம்பெல்லாம் தபால்காரர் வீட்டுக்குப் போயின.

அவர் திரும்பி வந்தது ஓர் ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள். கோட்டில் இன்னும் பூச்சி உருண்டை வாசனை. கூட யாரும் வரவில்லை. அக்கா வாசலில் நின்று அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

நைனா தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் தூக்கினார்.

"ஏழு நாளு லேட்டு மாப்ள. நாலு வருசம்னு பேச்சு."

"தபால் வந்து சேர ஏழு நாளு ஆவும் மாமா," என்றார் அவர்.

பெண் அவரைத் தெரியாமல் என் பின்னால் நின்றாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தறிக் கம்பத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு மாசம் ஆயிடுச்சு இல்ல?" என்றார் என்னிடம்.

நான் நூலை அவிழ்த்தேன். மடியில் போட்டு ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினேன்.

ஐம்பது.